பத்து வரை ஏறி இறங்கும் எண்

மூக்குக் கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தது நல்லதாயிற்று. அது இல்லாவிட்டால் எதிரில் இருப்பவர் கவனிக்கிறாரா, கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறாரா என்று எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் வகுப்பெடுத்தவளுக்கு அது பெரிய சங்கடம். நீங்கள் கவனிக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாக்குமூலம் எழுதுகிறவர்தான் எண் வந்தால் தடுமாறுகிறார். அவருக்காக மெதுவாகவே சொல்கிறேன்.

நேற்றுக் கேட்டதையே இன்றும் கேட்கிறீர்கள், ஏன் செய்தேன் என்று. ஓர் எண்ணுக்காக என்று நேற்றே சொன்னேன். நீங்கள் அதை ஏதோ தொகை என்று நினைத்துக்கொண்டு, எவ்வளவு, யாரிடமிருந்து வர வேண்டியது என்றெல்லாம் குடைந்தீர்கள். கடன் இல்லை, காப்பீடு இல்லை, சொத்துத் தகராறும் இல்லை. நாங்கள் இருந்தது வாடகை வீடு. நான் சொன்னது வெறும் எண்.

எழுதுகிறவர் ஒரு தாளில் ஒன்றிலிருந்து பத்து வரை இடைவெளி விடாமல் எழுதட்டும். பத்தை எட்டியதும் அப்படியே திரும்பி ஒன்பது, எட்டு, ஏழு என்று ஒன்று வரை இறங்கட்டும். 12345678910987654321. இருபது இலக்கம். பார்த்தால் விளையாட்டுப் பிள்ளை எழுதியது போல இருக்கும்.

இதன் சின்னச் சகோதரர்களைப் பாருங்கள். 11ஐ 11ஆல் பெருக்கினால் 121. 111ஐ 111ஆல் பெருக்கினால் 12321. ஒன்றுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், ஏறி இறங்குகிற இந்த அழகு கெடாது. ஒன்பது ஒன்றுகளைத் தன்னோடு தானே பெருக்கினால் 12345678987654321. அதற்கு மேல் ஒரு படி வைத்தால் எல்லாம் கோணிக்கொள்கிறது. பத்து ஒன்றுகளைப் பெருக்கினால் நடுவில் பத்து வந்து, அடுத்த இலக்கத்துக்கு ஒன்று ஏறி, வேறு ஏதோ எண் வருகிறது. ஆக, பத்து வரை ஏறி இறங்குகிற இந்த இருபது இலக்க எண் இந்த ஒன்றுகளின் வரிசையில் சேராமல் தனியாக நிற்கிறது. வகுப்பில் கரும்பலகையில் எழுதினால் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

கேள்வி ஒன்றே ஒன்றுதான். இது வேறு எண்ணால் மீதியில்லாமல் பிரியுமா, பிரியாதா? பிரியாவிட்டால் பகா எண் என்போம். இரண்டால் பிரியாது, கடைசி இலக்கம் ஒன்று. மூன்றால் பிரியாது, இலக்கங்களைக் கூட்டினால் தொண்ணூற்றொன்று. பத்தாயிரம் வரை உள்ள எதனாலும் பிரியாது. அதை நானே உட்கார்ந்து பார்த்தேன். முழுக்கப் பார்த்து முடிக்க வேண்டுமென்றால் முந்நூற்றைம்பது கோடிக்கு மேல் போக வேண்டும். ஓர் ஆயுள் போதாது.

ஆனால் சுற்றுவழி ஒன்று உண்டு. எதனால் பிரியும் என்று கண்டுபிடிக்காமலே, பிரியுமா பிரியாதா என்று மட்டும் சோதிக்கிற வழி. ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்கி, ஒவ்வொரு முறையும் நம் பெரிய எண்ணால் வகுத்து, மீதியை மட்டும் வைத்துக்கொண்டு போக வேண்டும். நம் எண் பகா எண்ணாக இருந்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும். வேறு ஏதாவது மிஞ்சினால் அது நிச்சயமாகப் பிரியும் எண். கல்லூரியில் கைப்பிடி சுற்றுகிற கணக்கு இயந்திரம் ஒன்று இருந்தது. அதை வீட்டுக்கு வாங்கிக்கொண்டு போய் ஒரு கோடை விடுமுறை முழுக்கச் சுற்றினேன். வலது தோள் இறங்கிப்போனது. கடைசியில் ஒன்று மிஞ்சவில்லை.

கணிதச் சங்கக் கூட்டத்தில் அதைப் படித்தேன். எங்கள் துறைத் தலைவர் முன்வரிசையில் இருந்தார். யார் பேசினாலும் கொட்டாவி விடுவார், அதனால் மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் கொட்டாவி சார். அன்றைக்கும் ஒரு நீண்ட கொட்டாவியை முடித்துவிட்டு, "பிரியும்ங்கறீங்க, சரிம்மா. எதால பிரியும்?" என்று கேட்டார். அது தேவையில்லாத கேள்வி, நான் செய்தது முழுமையான நிரூபணம் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். "இருந்தாலும் ஒரு எண்ணச் சொல்லுங்க, நாங்களே வகுத்துப் பாத்துட்டு வீட்டுக்குப் போறோம்" என்றார். அரங்கமே சிரித்தது. நான் அழுததாக யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இல்லை. தாள்களை அடுக்கி உறையில் போட்டுக்கொண்டு, கேட்டவர்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் இறங்கினேன்.

தலைநகரில் ஒரு நிறுவனத்துக்குப் புதிதாக மின்கணிப்பொறி வந்திருந்தது. மறுவாரம் ஆசிரியர் அறையில் வைத்து, நம் எண்ணை அங்கே அனுப்பியிருக்கிறேன், அவர்களுக்கு நேரம் கிடைக்கும்போது பார்ப்பார்கள் என்று கொட்டாவி சார் சொன்னார். தேநீர்க் கோப்பையைக் கலக்கிக்கொண்டே சொன்னார். 'நம் எண்' என்றார். அது எப்போது அவருடைய எண்ணும் ஆனது என்று நான் கேட்கவில்லை.

இனி தம்பி.

தம்பிக்கு வலிப்பு நோய் உண்டு. சின்ன வயதில் மருந்து சரியாகப் பிடிபடவில்லை. வருவதற்கு முன்னால் இடது கட்டைவிரல் தானாகத் துடிக்கும். கொஞ்ச நேரம் பேச்சும் நினைவும் தெளிவாக இருக்கும், பிறகு விழுவான். அந்த இடைப்பட்ட நேரத்தில் அவன் வேறு ஆள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் நான் பழைய காகிதத்தில் வெறுமனே ஏழு ஒன்றுகளை எழுதிக்கொண்டிருந்தேன். எதிரில் இருந்தவன் எட்டிப் பார்த்து, "இருநூத்தி முப்பத்தொம்பது. நாலாயிரத்து அறநூத்தி நாப்பத்தொம்பது" என்றான். அடுத்த நிமிடம் தட்டோடு கீழே கிடந்தான். அம்மா அவனை ஒருக்களித்துப் போட்டு, தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அந்த இரண்டு எண்களையும் பெருக்கிப் பார்த்தேன். அச்சு அசலாக ஏழு ஒன்றுகள் வந்தன.

எனக்கு அப்போது பதினைந்து வயதிருக்கும். நான் கணிதம் படித்ததே அந்த நாளால்தான் என்று சொன்னால் மிகையாகத் தெரியும். உண்மையும் அதுதான்.

பிறகு ஒரு நல்ல டாக்டர் கிடைத்தார். கசப்பான வெள்ளை மாத்திரை, நாளுக்கு இரண்டு வேளை. வலிப்பு நின்றது. கூடவே அந்தக் கதவும் சாத்திக்கொண்டது. எண்ணைக் கொடுத்தால் பிரியும் பிரியாது என்பான், எதனால் என்று சொல்ல வராது. ஏன் என்று கேட்டால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிற மாதிரி இருக்கு என்பான். அதில் அவனுக்குத் துளி வருத்தமும் இல்லை. பள்ளிப் படிப்போடு நிறுத்திக்கொண்டு ஓர் இரும்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். ஆணி, திருகு, கீல், கம்பி. சாயங்காலம் சட்டையெல்லாம் துருவாக வந்து நின்று, அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களைப் போல நடித்துக் காட்டுவான். நானே சிரித்துவிடுவேன். நான் அவனை நேசிக்கவில்லை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அம்மா போகிற சமயத்தில் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "அவன் மாத்திரை மேல் தட்டுல இருக்கு" என்றாள். அதன்பின் காலையும் மாலையும் என் கையால்தான் கொடுத்து வந்தேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கடவுள் இப்படி ஒரு கண்ணைக் கொடுத்து, அவர் அதை மூடிக்கொண்டு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? சந்தோஷமாக இருக்கிறான், விடுங்கள் என்பீர்கள். எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். சந்தோஷமாக இருக்கிறவர்கள் ஊரெல்லாம் இருக்கிறார்கள்.

சங்கக் கூட்டம் முடிந்த வாரத்தில் அந்த எண்ணை அவனிடம் காட்டினேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இது பிரியாதுக்கா."

பிரியும் என்று நான் நிரூபித்திருக்கிறேன் என்றேன்.

"எனக்கு அதெல்லாம் தெரியாது. குழாயத் தட்டினா ஒரு சத்தம் வரும், கம்பியத் தட்டினா ஒரு சத்தம் வரும்ல. இது கம்பி. உள்ள கெட்டியா இருக்கு." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உன் கணக்குல எங்கயாவது கை தவறியிருக்கும். இன்னொரு தடவ போட்டுப் பாரேன்" என்றான்.

நீங்களும் அதையே கேட்டீர்கள், ஏன் மறுபடி போட்டுப் பார்க்கவில்லை என்று. சரியாகச் செய்த ஒன்றை எதற்காக மறுபடி செய்ய வேண்டும்? ஒரு விடுமுறை முழுக்க என் தோளைக் கொடுத்துச் செய்தது அது. இவன் மாத்திரை மயக்கத்தில் இருந்துகொண்டு ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொல்வது. இரண்டில் எதை நம்புவது என்பதில் எனக்குக் குழப்பம் இருக்கவில்லை. பேசுவது அவனல்ல, மாத்திரை என்று புரிந்தது.

அதற்குப் பிறகு செய்ததெல்லாம் எளிது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை அதே அளவில், அதே வெள்ளையில் கிடைக்கிறது. புட்டியை மாற்ற வேண்டியதுகூட இல்லை. உண்மையான மாத்திரையை வழக்கம்போல மாதா மாதம் வாங்கினேன், வாங்கியதைக் கழுவுதொட்டியில் கரைத்துவிட்டேன். முதல் நாள் வாயில் போட்டவன் நெற்றியைச் சுருக்கினான்.

"இனிக்குதேக்கா."

வேறு கம்பெனி என்றேன். "நல்ல கம்பெனி" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடித்தான். அவ்வளவுதான். என்னிடம் இரண்டாவது கேள்வி கேட்கிற பழக்கம் அவனுக்கு இல்லை.

சில நாட்களிலேயே கட்டைவிரல் துடித்தது. இத்தனை வருடம் கழித்து அதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்டதை எப்படிச் சொல்வது? தொலைந்துபோன ஆளைச் சந்தையில் பார்த்தது போல இருந்தது. எண் எழுதிய தாளை அவன் முன்னால் வைத்தேன். பயந்துபோய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "வருதுக்கா, வருதுக்கா" என்றான். தாளைப் பார் என்றேன். பார்த்தான். "பிரியாது" என்றான், விழுந்தான். அன்றைக்கு நான் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், வாயோரம் துடைத்தேன், எழுந்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தேன். செய்ய வேண்டியதை எல்லாம் செய்தேன்.

டாக்டரிடம் அழைத்துக்கொண்டும் போனேன். அவர் மாத்திரை அளவை இரட்டிப்பாக்கினார். நான் இரட்டிப்பாகக் கரைத்தேன். மூன்று விஷயத்தில் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அவர் விரல் விட்டு எண்ணிக் காட்டினார்: மாத்திரை தவறக் கூடாது, தூக்கம் கெடக் கூடாது, வயிறு காயக் கூடாது. எச்சரிக்கை என்பது ஒரு வகையில் செய்முறையும்தான். முதலாவது ஏற்கனவே நடந்துகொண்டிருந்தது. இரண்டாவதற்கு நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இரவெல்லாம் பக்கத்து அறையில் கணக்கு இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தேன், அதன் சத்தம் உங்களுக்குத் தெரியாது, தகரத்தில் கூழாங்கல் உருட்டுவது போல இருக்கும்.

அந்த வாரங்களில் எத்தனை முறை வந்தது என்று கேட்டீர்கள். நிறைய. கடையில் ஒரு முறை கம்பிக் கட்டின் மேல் விழுந்து புருவம் கிழிந்தது. முதலாளி நல்ல மனிதர், உடம்பு தேறட்டும் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அதுவும் ஒரு வசதியாயிற்று, பகலிலும் கண் முன்னாலேயே இருந்தான். ஒவ்வொரு முறையும் விரல் துடிப்பதற்கும் அவன் விழுவதற்கும் நடுவே கொஞ்ச நேரம் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது அந்த நேரம் மட்டும்தான். அதற்கு முன்னும் பின்னும் நடந்த எதையும் நான் விரும்பவில்லை.

ஒவ்வொரு முறையும் அதே பதிலைத்தான் சொன்னான். ஒரு தடவை கெஞ்சவும் கெஞ்சினான். "விட்டுடுக்கா, அதுல ஒண்ணுமே இல்ல. இருந்தா உனக்குச் சொல்ல மாட்டேனா?" பழைய மாத்திரையின் மயக்கம் உடம்பில் இன்னும் தங்கியிருக்கிறது, முழுக்க வடிந்தால் சரியாகிவிடும் என்று நான் கணக்குப் போட்டேன்.

மருந்துக்கடைப் பெண்ணைப் பற்றி நீங்கள் அதிகம் கேட்கிறீர்கள். இரும்புக்கடைக்கு எதிர்ச்சாரியில் அவள் வேலை பார்க்கும் கடை. இருவரும் கல்யாணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். அதைத் தடுக்கத்தான் நான் இதைச் செய்தேன் என்று உங்களில் ஒருவருக்கு எண்ணம் இருக்கிறது. இல்லவே இல்லை. அவளை எனக்குப் பிடித்திருந்தது. கெட்டிக்காரி, கலகலப்பு, தம்பியை வாய்க்கு வாய் மடக்குவாள். வீட்டுக்கு வரும்போது வெறுங்கையோடு வரமாட்டாள். புருவம் கிழிந்த பிறகு ஒரு நாள் வந்து, சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறாரா?"

"ரெண்டு வேளையும் என் கையாலதான் குடுக்கறேன்" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு, வேறு ஊரில் நரம்பு நோய்க்கென்றே ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருப்பதாகவும், அங்கே சேர்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டதாகவும், வாடகைக் கார் பிடித்துத் தானே அழைத்துப் போவதாகவும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்றாள். சரி என்றேன். வேறென்ன சொல்ல முடியும்? அங்கே போனால் மாத்திரை வேறு கைகளிலிருந்து போகும். பழைய மயக்கம் திரும்பிவிடும். இத்தனை நாள் அவன் பட்ட பாடெல்லாம் எதற்கு என்று ஆகிவிடும்.

ஞாயிறு காலை அவனுக்குச் சாப்பாடு கொடுக்கவில்லை. வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பார்கள் என்றேன். சரிக்கா என்றான். குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து தலை சீவினான். மெலிந்திருந்தான், சட்டைக் கழுத்தில் இன்னொரு கழுத்து போகும். ஆஸ்பத்திரியில் நர்சுகளெல்லாம் கடுகடுவென்று இருப்பார்களாமே என்று ஏதோ வேடிக்கையாகச் சொன்னான். வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டு மாடியில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். சீப்பு கையிலிருந்து நழுவியது. கட்டைவிரலைப் பார்த்தேன்.

தாள் தயாராகவே இருந்தது. அவன் முழங்காலில் வைத்தேன். அவன் தாளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். எப்போதும் சொல்கிற பதிலை இந்த முறை சொல்லவில்லை.

"அக்கா" என்றான். "நாலு, ஆறு, மூணு, ரெண்டு, ஏழு. சீக்கிரம்க்கா."

46327. அந்த நொடியில் எனக்குக் கிடைத்த நிம்மதியை இந்த அறையில் இருக்கிற யாருக்கும் என்னால் விளக்க முடியாது. ஐந்து இலக்கம். பத்தாயிரத்துக்குக் கீழே நான் பார்த்து முடித்துவிட்டேன், இது மேலே இருக்கிறது. ஒற்றை எண். மூன்றால் பிரியாது, ஏழால் பிரியாது, பதினொன்றால் பிரியாது. எல்லா லட்சணமும் பொருந்தியிருந்தது. அவனே சீக்கிரம் என்றும் சொல்லிவிட்டான். நான் கூடத்துக்கு ஓடினேன்.

இயந்திரம் கூடத்து மேசையில் இருந்தது. ஆமாம், தொலைபேசியும் அதே மேசையில்தான். கைப்பிடியைச் சுற்றுவதற்கு இடைஞ்சலாக இருந்ததால் அதைத் தூக்கிக் கீழே வைத்தேன். இருபது இலக்கத்தை ஐந்து இலக்கத்தால் வகுக்கக் கால் மணி நேரமாவது வேண்டும், அவசரப்பட்டால் தப்பும். நான் அவசரப்படவில்லை. நடுவில் அறையிலிருந்து தரையில் குதிகால் அடிக்கிற சத்தம் வந்தது. ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், முகம் அழுந்தாமல் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். நீங்கள் எனக்காகத் தேடிக்கொண்டிருக்கிற சாக்கு, தெரியாமல் செய்துவிட்டாள் என்பது, எனக்கு வேண்டாம். தெரியும். பாதியில் எழுந்தால் எந்த இலக்கத்தில் விட்டேன் என்பது மறந்துவிடும்.

மீதி மூவாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு.

கை தவறியிருக்கலாம் என்று மறுபடியும் முதலிலிருந்து போட்டேன். இரண்டாவது முறை போடும்போது சத்தம் நின்றிருந்தது. கவனம் சிதறாமல் செய்ய முடிந்தது. மறுபடியும் மூவாயிரத்து முந்நூற்று ஐம்பத்திரண்டு.

போய்ப் பார்த்தபோது கட்டிலுக்குக் கீழே குப்புறக் கிடந்தான். விழும்போது தலையணையையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறான், முகம் அதில் புதைந்திருந்தது. திருப்பினேன். சூடு இருந்தது, மூச்சு இல்லை. தாள் கசங்கிப் போயிருந்தது. அதை எடுத்து நீவி வைத்தேன்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும். காரோடு வந்த மருந்துக்கடைப் பெண் அவனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கீழே இருந்த தொலைபேசியைப் பார்த்தாள். அழுகையெல்லாம் பிறகுதான். முதலில் நேராகச் சமையலறைக்குப் போய் மேல் தட்டிலிருந்த புட்டியை எடுத்து, ஒரு மாத்திரையை நுனி நாக்கில் வைத்துப் பார்த்தாள். இனித்திருக்கும். அதற்கப்புறம் புட்டியோடு வெளியே போனாள். உங்களிடம்தான் வந்தாள்.

46327 என்பது அவள் கடையின் தொலைபேசி எண் என்று இரண்டாம் நாள் நீங்கள் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் உடைந்துபோவேன் என்று. அவன் எண்ணை எப்போதும் முழுசாகச் சொல்கிறவன், இலக்கம் இலக்கமாகச் சொல்வது தொலைபேசி எண்ணைத்தானே என்றும் கேட்டீர்கள். நல்ல கவனிப்புதான். ஆனால் ஓர் எண் ஒரு கடைக்கும் சொந்தமாக இருக்கலாம், வேறொன்றுக்கும் சொந்தமாக இருக்கலாம். எண்ணுக்கு அதெல்லாம் தெரியாது.

கொட்டாவி சார் நேற்று என்னைப் பார்க்க வந்தார். இங்கே நின்றுகொண்டே பேசினார், ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை. தலைநகரிலிருந்து பதில் வந்துவிட்டதாம். "அது பகா எண்மா. ரெண்டு தடவ ஓட்டிப் பாத்திருக்காங்க" என்றார். என் விடுமுறைக் கணக்கையும் துறை அலமாரியிலிருந்து எடுத்து, மூன்று நாளாக உட்கார்ந்து சரிபார்த்தாராம். ஒரே ஒரு படியில், நடுவில் பத்து என்று வர வேண்டிய இடத்தில் பூஜ்யமும் ஒன்றும் இடம் மாறி விழுந்திருக்கிறதாம். அங்கிருந்து கடைசி வரை எல்லாமே தப்பாம். நான் அவரை உட்காரச் சொன்னேன். அந்தக் கணிப்பொறி ஆயிரக்கணக்கான கண்ணாடிக் குழல்களால் ஆனது, அவை பல்பு போல நினைத்தபோது அணைந்துபோகும், அப்படிப்பட்ட ஒன்று இரண்டு தடவை ஓடினாலும் இருபது தடவை ஓடினாலும் ஒன்றுதான் என்று எடுத்துச் சொன்னேன். ஒரு படியில் பிழை இருந்தால் வழி தப்பு என்றுதான் ஆகும், போய்ச் சேர்ந்த இடமும் தப்பு என்று ஆகாது என்றும் சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். கூட்டத்தில் என்னைக் கேள்வி கேட்டபோது இருந்த தெம்பு அவரிடம் இல்லை.

நீங்கள் எதிர்பார்க்கிற அழுகை என்னிடம் இல்லை. மறுபடி அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் நான் கூடத்துக்குத்தான் ஓடுவேன். ஊரில் எத்தனையோ பேர் எதற்கெல்லாமோ சாகிறார்கள். சாக்கடைக் குழியில் விழுந்து, மீன் முள் தொண்டையில் மாட்டி. என் தம்பி அப்படிச் சாகவில்லை.

எழுதுகிறவர் இப்போது படித்துக் காட்டியதில் என் வரை பிழை எதுவும் இல்லை. மாத்திரையை மாற்றியது நான். தூங்க விடாதது நான். பட்டினி போட்டது நான். அவன் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தபோது அடுத்த அறையில் வகுத்துக்கொண்டிருந்ததும் நான்தான். அவனைக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கடைசி வரிக்கு முந்திய வரியில் 'ஒரு பயனுமின்றி' என்று இருக்கிறதே, அதை மட்டும் அடித்துவிடுங்கள். அவன் சரியாகத்தான் சொன்னான். அந்த ஐந்தில் ஏதோ ஒரு இலக்கத்தை நான்தான் காதில் சரியாக வாங்கவில்லை.